எறிந்த கல்லை யார் தள்ளுகிறார்கள்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். பக்கத்துல ஒரு ரூபாய் காயின் இருந்தா எடுத்துக்கோங்க. மெட்ரோவிலயோ பஸ்லயோ இருக்கீங்கன்னா மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டா போதும்.

காயினை நேராக மேலே சுண்டி விடுகிறீர்கள். அது கையை விட்டுக் கிளம்பிவிட்டது. இன்னும் உச்சியைத் தொடவில்லை, பாதி வழியில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் அதன் மேல் என்னென்ன விசைகள், அதாவது ஃபோர்ஸ், வேலை செய்கின்றன? காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு பத்து விநாடி பாஸ் பண்ணி யோசிங்க.

போன மாதம் இதை என்னிடம் கேட்டது என் அக்கா பையன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னேன்: "ரெண்டு ஃபோர்ஸ்டா. கை குடுத்த ஃபோர்ஸ் மேல தள்ளுது, கிராவிட்டி கீழ இழுக்குது. முதல்ல கையோட ஃபோர்ஸ் ஜாஸ்தி. போகப் போகக் குறையும். உச்சியில ரெண்டும் சமம். அப்புறம் கிராவிட்டி ஜெயிச்சிடும்."

"தப்பு மாமா" என்றான்.

நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன். முதல் செமஸ்டர் ஃபிசிக்ஸில் நல்ல மார்க் வேறு. ஆனால் அவன் சொன்னதுதான் சரி. காயின் மேலே போகும்போதும், உச்சியிலும், கீழே வரும்போதும் அதன் மேல் இருப்பது ஒரே விசைதான். கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பு. விரலை விட்டுப் பிரிந்த நொடியே கையின் வேலை முடிந்துவிட்டது. மேலே போகும் காயினை மேல்நோக்கித் தள்ள அங்கே யாருமே இல்லை.

அசிங்கமாகத்தான் இருந்தது. அப்புறம் தேடிப் பார்த்ததில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில் இன்ஜினியரிங் மாணவர்களிடம் இதே காயின் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெரும்பாலானவர்கள் நான் சொன்ன மாதிரிதான் சொன்னார்கள். மெக்கானிக்ஸ் பாடத்தை முடித்த பிறகும் பலர் அதையேதான் சொன்னார்கள்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. நான் சொன்ன தப்பான பதிலை எனக்கு முன்னாலேயே ரொம்பப் பெரிய ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தர் பெயரைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். அவர் யார் என்று கடைசிக்குள் சொல்கிறேன். இன்றைய எபிசோட் அந்தத் தப்பின் வரலாறு.

காற்று தள்ளுகிறதா?

கிமு நான்காம் நூற்றாண்டு, கிரேக்க நாடு. அரிஸ்டாட்டில். இவரை ஸ்கூல் புத்தகங்களில் பெரும்பாலும் காமெடியன் மாதிரி காட்டிவிடுகிறோம், "தப்பாகச் சொன்னார், கலிலியோ வந்து திருத்தினார்" என்று. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டால் நமக்கே சரி என்றுதான் படும்.

ஒரு தள்ளுவண்டியைத் தள்ளினால் போகிறது. கையை எடுத்தால் நிற்கிறது. பெட்ரோல் தீர்ந்த பைக்கை உருட்டிக்கொண்டு போனவர்களைக் கேளுங்கள், இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஆக, ஒரு பொருள் அதன் இயல்புக்கு மாறாக நகர வேண்டுமானால் யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் தொட்டுத் தள்ள வேண்டும். இதுதான் அரிஸ்டாட்டிலின் விதி.

இந்த விதிக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. எறிந்த கல். கல் கையை விட்டுப் போய்விட்டது, இனி யார் தொட்டுத் தள்ளுவது? அரிஸ்டாட்டிலின் பதில்: காற்று. கை கல்லை எறியும்போது சுற்றியிருக்கும் காற்றுக்கும் தள்ளும் சக்தியைக் கொடுக்கிறது. அந்தக் காற்று கல்லைக் கொண்டுபோகிறது.

இப்போது ஒரு ஆச்சரியமான விஷயம். அரிஸ்டாட்டில் தன்னுடைய 'இயற்பியல்' நூலில் வெற்றிடம் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று வாதாடுகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று இது: வெற்றிடத்தில் ஒரு பொருள் நகர ஆரம்பித்தால் அது ஏன் ஒரு இடத்தில் நிற்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட வலுவான ஏதாவது குறுக்கே வந்து தடுக்கிற வரைக்கும் அது முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

கேட்ட மாதிரி இருக்கா? நியூட்டனின் முதல் விதி ஏறக்குறைய இதுதான், அதுவும் 2000 வருஷத்துக்கு முன்னாலேயே. ஆனால் அரிஸ்டாட்டில் இதைக் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. "இப்படி ஒரு அபத்தமான முடிவு வருகிறது, அதனால் வெற்றிடம் கிடையாது" என்று காட்டுவதற்காகச் சொன்னார். சரியான பதில் அவர் கையில் இருந்தது. அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்ததால் தூக்கிப் போட்டுவிட்டார்.

கல்லுக்குள்ளே என்னவோ இருக்கிறது

சுமார் 850 வருஷம் தாண்டி, ஆறாம் நூற்றாண்டு அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வருவோம். அங்கே ஜான் ஃபிலோபோனஸ் என்று ஒரு அறிஞர், அரிஸ்டாட்டிலின் நூலுக்கு உரை எழுதியவர். உரை எழுதியவரே மூலத்தைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

அவர் கேட்டது இதுதான். காற்றுதான் கல்லைத் தள்ளுகிறது என்றால் கை எதற்கு? கல்லை ஒரு குச்சியின் நுனியில் வைத்துவிட்டு, பின்னால் இருந்து காற்றை வேகமாக அடித்தால் போதுமே, கல் பறக்க வேண்டுமே! பறக்கவில்லை. அப்படியானால் எறிகிறவன் கல்லுக்குள்ளேயே ஏதோ ஒரு சக்தியை ஏற்றி அனுப்புகிறான், அது தீரும் வரை கல் போகிறது என்றார்.

மொபைலுக்குச் சார்ஜ் ஏற்றுகிற மாதிரி நினைச்சுக்கோங்க. கை சார்ஜ் ஏற்றுகிறது, சார்ஜ் தீர்ந்ததும் கல் விழுகிறது. நான் அக்கா பையனிடம் சொன்னதும் இதே கதைதான்.

ஃபிலோபோனஸுக்கும் முன்னால், கிமு இரண்டாம் நூற்றாண்டிலேயே வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இப்படிச் சொன்னதாகப் பழைய உரை ஒன்று பதிவு செய்திருக்கிறது. மேலே எறிந்த பொருளில் எறிந்த விசை மிச்சம் இருக்கும், அது குறைந்துகொண்டே வரும், எடையை விடக் குறைந்ததும் பொருள் கீழே திரும்பும். என் பதில் அச்சு அசலாக அவருடையது!

பதினோராம் நூற்றாண்டில் பாரசீக அறிஞர் இப்னு சீனா இந்தச் சக்தியை 'மைல்' என்று அழைத்தார். இது நாம் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்க்கிற மைல் இல்லை, சாய்வு, நாட்டம் என்ற பொருள் வரும் அரபுச் சொல். அவர் ஒரு முக்கியமான திருத்தமும் சேர்த்தார். இந்தச் சக்தி தானாகத் தீர்ந்துபோவதில்லை, வெளியே இருந்து வரும் தடைதான் அதைத் தீர்க்கிறது. அதாவது சார்ஜ் தானாக இறங்காது.

பாரிஸில் ஒரு பம்பரம்

அடுத்த ஸ்டாப், பதினான்காம் நூற்றாண்டு பாரிஸ். அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை ரெக்டராக இருந்த ழான் புரிடான். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இவர் சொல்லும் உதாரணங்கள் எல்லாம் தெருவில் கிடைப்பவை.

ஒன்று, பம்பரம். சுற்றிவிட்ட பம்பரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. அது இடம் மாறவே இல்லை, பிறகு எந்தக் காற்று பின்னால் வந்து அதைத் தள்ளும்? கொல்லனின் சாணைக்கல்லும் அப்படித்தான்.

இரண்டு, படகு. ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக ஒரு படகைக் கயிறு கட்டி வேகமாக இழுக்கிறார்கள். இழுப்பதை நிறுத்திய பிறகும் படகு சட்டென்று நிற்பதில்லை. மேல்தளத்தில் நிற்கும் படகோட்டியைக் கேளுங்கள். பின்னால் இருந்து காற்று தள்ளுவதாக அவன் உணரவே மாட்டான். எதிர்காற்று முகத்தில் அடிப்பதைத்தான் சொல்வான்.

ஆக, காற்று தள்ளவில்லை, பொருளுக்குள் ஏறிய 'இம்பீட்டஸ்'தான் கொண்டுபோகிறது என்றார் புரிடான். வேகம் அதிகமானால் இம்பீட்டஸ் அதிகம், பொருளில் இருக்கும் சரக்கு அதிகமானாலும் அதிகம் என்று ஒரு கணக்கும் சொன்னார். இன்று நாம் படிக்கும் உந்தம், அதாவது மொமென்டம், ஏறக்குறைய இதே கணக்குதான். அதோடு விடவில்லை. வானத்தில் தடையே இல்லை, அதனால் கடவுள் ஆரம்பத்தில் ஒரு முறை சுழற்றிவிட்டிருந்தால் கோள்கள் சுற்றிக்கொண்டே இருக்கலாமே என்றும் கேட்டார்.

எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார் பாருங்கள்! ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரும் அரிஸ்டாட்டிலும் ஒரே கட்சி. இருவரும் கேட்டது ஒரே கேள்வி: கல்லை இன்னும் போக வைப்பது எது? அரிஸ்டாட்டில் வெளியே தேடினார், காற்று கிடைத்தது. புரிடான் உள்ளே தேடினார், இம்பீட்டஸ் கிடைத்தது. அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டுமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஏழு மீட்டர் பலகை

இப்போது கலிலியோ. நான் முதலில் சொன்ன அந்தப் பெரிய ஆள் இவர்தான். சுமார் 1590-ல், இருபதுகளின் நடுவில், பீசாவில் கணிதம் சொல்லிக்கொடுத்தபோது அவர் இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மேலே எறிந்த பொருளை அதில் எப்படி விளக்குகிறார் தெரியுமா? எறிந்த விசை உள்ளே இருக்கும், குறைந்துகொண்டே வரும், கடைசியில் எடை ஜெயிக்கும். ஆமாங்க, அதே தப்பு! அந்த நூலை அவர் உயிரோடு இருந்தவரை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அப்புறம் பாதுவா நகரத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். அங்கேதான் பொருள்களைச் சாய்வான பலகையில் உருட்டிவிட்டு அளக்க ஆரம்பித்தார். நேராக விழும் பொருள் மிக வேகமாக விழுகிறது, அதை அளக்க அன்று கடிகாரம் கிடையாது. பலகையில் உருண்டால் அதே இயக்கம் ஸ்லோ மோஷனில் நடக்கும்.

அவரே எழுதி வைத்திருக்கும் செட்டப் இது. ஏறக்குறைய 7 மீட்டர் நீளப் பலகை. நடுவே வழவழப்பான ஒரு பள்ளம், அதில் ஒட்டிய தோல் காகிதம், உருட்டுவதற்கு வெண்கலக் குண்டு. நேரத்தை அளக்க ஒரு பெரிய தண்ணீர்ப் பாத்திரம், அடியில் மெல்லிய குழாய். குண்டு உருள ஆரம்பித்ததும் தண்ணீரைத் திறந்து, முடிந்ததும் மூடி, சேர்ந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தார். நூறு முறை செய்து பார்த்ததாகச் சொல்கிறார். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு.

இந்தப் பலகையை வைத்தே அவர் ஒரு வாதத்தைக் கட்டினார். கீழ்நோக்கிச் சாய்ந்த பலகையில் குண்டின் வேகம் கூடுகிறது. மேல்நோக்கிச் சாய்ந்த பலகையில் வேகம் குறைகிறது. சரி, பலகை மேலேயும் சாயவில்லை, கீழேயும் சாயவில்லை, தட்டையாக இருக்கிறது, உராய்வும் இல்லை. இப்போது வேகம் கூடக் காரணம் இல்லை. குறையவும் காரணம் இல்லை. அப்படியானால் குண்டு எவ்வளவு தூரம் போகும்? பலகை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.

கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். பவுடர் போடாத போர்டில் ஸ்ட்ரைக்கர் பாதியிலேயே நின்றுவிடும். பவுடர் போட்டால் அதே அடிக்கு எதிர்ப்பக்கம் மோதித் திரும்பி வரும். பவுடர் ஸ்ட்ரைக்கரைத் தள்ளவில்லை, நிறுத்துகிற உராய்வைக் குறைத்தது, அவ்வளவுதான். இன்னும் நல்ல பவுடர், இன்னும் பெரிய போர்டு என்று நினைத்துக்கொண்டே போங்கள். கலிலியோ போய்ச் சேர்ந்த இடத்துக்கு நீங்களும் போய்விடுவீர்கள்.

இங்கே கேள்வியே மாறிவிட்டது. "எது போக வைக்கிறது?" என்று கேட்ட இடத்தில் "எது நிறுத்துகிறது?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது.

என் வேலையிலிருந்து ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு தடவை ராத்திரி முழுக்க ஒரு ஜாப் சர்வரில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. யார் அதை ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்று மூன்று நாள் லாகில் தேடினேன். யாருமே இல்லை. எப்போதோ ஒரு முறை ஆரம்பித்தது, நிறுத்தச் சொல்லும் கண்டிஷனை நான்தான் எழுத மறந்திருந்தேன். மூன்று நாளும் தேடிய விதத்தில் தப்பு இல்லை, தேடிய ஆள்தான் இல்லவே இல்லை.

ஒரு கல்லுக்காக இவ்வளவு சண்டையா?

கல் எப்படிப் போனால் யாருக்கு என்ன என்று தோன்றலாம். அன்றைக்கு அதில் பூமியே அடங்கியிருந்தது.

பூமி சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் 1543-ல் எழுதிவிட்டார். அதை எதிர்த்தவர்களிடம் ஒரு வலுவான கேள்வி இருந்தது. கோபுரத்தின் மேலிருந்து கல்லைப் போடுகிறேன், அது அடியிலேயே விழுகிறது. பூமி சுற்றுகிறது என்றால் கல் காற்றில் இருக்கும் நேரத்தில் கோபுரம் நகர்ந்து போயிருக்க வேண்டாமா?

இன்றைய எண்ணைப் போட்டுப் பார்ப்போம். நிலநடுக்கோட்டில் பூமியின் பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 44 மீட்டர் உயரத்திலிருந்து கல் விழ 3 விநாடி ஆகும். அதற்குள் கோபுரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். கல்லைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று நீங்கள் நம்பினால், பூமி சுற்றவில்லை என்பதுதான் நியாயமான முடிவு. அந்த எதிராளிகள் முட்டாள்கள் இல்லை.

கலிலியோவின் பதில்: கல்லும் கோபுரத்தோடு சேர்ந்து ஏற்கனவே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கையை விட்டால் அந்த நகர்வு எங்கேயும் போய்விடாது. 1632-ல் வந்த 'உரையாடல்' நூலில் அவர் இதைக் கப்பலை வைத்து விளக்கினார். சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் வண்ணத்துப்பூச்சிகள் வழக்கம்போலவே பறக்கும், தொட்டியில் மீன்கள் வழக்கம்போலவே நீந்தும், மேலே தொங்கும் குப்பியிலிருந்து தண்ணீர் நேராகக் கீழே உள்ள பாத்திரத்திலேயே சொட்டும். கப்பல் நிற்கிறதா போகிறதா என்று உள்ளே இருப்பவரால் சொல்ல முடியாது.

அடுத்த வருஷமே, 1633 ஜூனில், ரோமில் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. கிட்டத்தட்ட எழுபது வயதில், பூமி நகர்கிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக மண்டியிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நூலுக்குத் தடை. சாகும்வரை வீட்டுக்காவல்.

அந்த வீட்டுக்காவலில் இருந்துகொண்டுதான் பாதுவா காலத்துப் பலகைக் கணக்குகளை எல்லாம் திரும்ப எடுத்து 'இரண்டு புதிய அறிவியல்கள்' என்ற நூலை முடித்தார். ரோமின் கை எட்டாத ஹாலந்தின் லைடன் நகரில், 1638-ல் அது அச்சானது. அதற்குள் அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டிருந்தது. தன் வாழ்நாள் வேலையை அச்சில் அவர் கண்ணால் படித்திருக்க முடியாது.

1640-ல் பியர் கசாந்தி என்ற பிரெஞ்சு அறிஞர் மார்செய் துறைமுகத்தில் துடுப்புக் கப்பலை வேகமாக ஓட்டச் சொல்லி, கொடிமரத்தின் மேலிருந்து கல்லைப் போட வைத்தார். கல் மரத்தின் அடியில்தான் விழுந்தது.

தொங்கிக்கொண்டிருந்த பழைய சொல்

கலிலியோவும் முழுசாக முடிக்கவில்லை. அவருடைய 'தட்டையான' பாதை பூமியைச் சுற்றி வளைந்த பாதை. பொருள் நேர்கோட்டில்தான் போகப் பார்க்கும் என்று தெளிவாக எழுதியது தெகார்த், 1644-ல். 1687-ல் நியூட்டன் அதைத் தன் முதல் விதியாக வைத்தார். வெளியே இருந்து விசை மாற்றாத வரை, ஓய்வில் இருப்பது ஓய்விலேயே இருக்கும், நேராகப் போவது அதே வேகத்தில் நேராகப் போகும். நிலைமம் என்று ஸ்கூலில் படித்தது இதுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: அதே நூலில் நியூட்டன் இந்த நிலைமத்தைப் பொருளுக்குள் இருக்கும் ஒரு 'விசை' என்றே குறிப்பிடுகிறார். விதியை எழுதியவரின் பேச்சிலேயே பழைய சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் என் பேச்சில் இருக்காதா?

1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்று விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தள்ள எந்த எஞ்சினும் ஓடவில்லை. வெற்றிடத்தில் போகிற பொருள் ஏன் நிற்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாரே அரிஸ்டாட்டில், அவர் அபத்தம் என்று ஒதுக்கியது அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

என் அக்கா பையனிடம் போய் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். "அப்போ கலிலியோவும் உங்கள மாதிரிதானா மாமா?" என்றான். "இருபத்தஞ்சு வயசு வரைக்கும்டா. அப்புறம் அவர் பலகையில குண்டு உருட்டிப் பார்த்தாரு, நான் எக்ஸாம் எழுதிட்டு வேலைக்கு வந்துட்டேன்" என்றேன்.

காயினை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. தப்பாகச் சொன்னால் சிரிக்காதீங்க. அவங்க மூளை முதல்ல போற இடம் அது, எல்லாருக்கும் அப்படித்தான். கேரம் போர்டையும் பவுடர் டப்பாவையும் எடுத்து வெச்சு, ஸ்ட்ரைக்கரை எது நிறுத்துதுன்னு மட்டும் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.